பிளாஸ்டிக் மாடலுக்கு சூப்பர் குளூ சரிவரவில்லை, வேறு எதில் ஒட்டுவது?

கேள்வி: 11 ஜூன் 2023, மாலை 6.20

அண்ணா, முதல் முறையாக 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் கிட் வாங்கினேன். பெட்டியில் பசை இல்லை. தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய் சூப்பர் குளூ வாங்கி முழுசாக அதிலேயே ஒட்டினேன். நேற்று மேசையிலிருந்து தவறி விழுந்தது. இடது இறக்கை உடையவில்லை, அப்படியே சுத்தமாகக் கழன்று வந்துவிட்டது. பைலட் மேலே வரும் கண்ணாடி மூடியும் புகை பிடித்த மாதிரி வெளுத்துவிட்டது. இதைவிட வலுவான பசை எது?

11 ஜூன் 2023, இரவு 10.45

"வலுவான" என்ற சொல்லை முதலில் தூக்கிப் போடு தம்பி. நானும் இரண்டு வருஷம் அதையே தேடினேன்.

கழன்ற இறக்கையின் ஓரத்தை விரலால் தடவிப் பார். கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதுதான் உன் பசை. பிளாஸ்டிக்குக்குள் அது போகவே இல்லை, இரண்டு சுவருக்கு நடுவே சும்மா நின்றுகொண்டிருந்தது. நேராக இழுத்தால் சூப்பர் குளூ நன்றாகத் தாங்கும். தட்டினால், பக்கவாட்டில் நெம்பினால் பட்டென்று விடும். மேசையிலிருந்து விழுவது தட்டுவதில் சேர்த்தி.

கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கு ஆகி வந்தது சிமெண்ட். வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை, மாடல் சிமெண்ட். அது ஒரு கரைப்பான். இரண்டு ஓரத்தையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்க விட்டு, அது ஆவியாகிப் போய்விடும். காய்ந்த பிறகு அங்கே பசை என்று எதுவும் கிடையாது, ஒரே பிளாஸ்டிக். ஒட்டுவதைவிடப் பற்றவைப்பதற்குத்தான் அது பக்கம்.

கேனபியை, அதாவது அந்தக் கண்ணாடி மூடியைப் பசை தின்றுவிட்டது. அதற்கு வழியில்லை, புதுசு தேடு.

12 ஜூன் 2023, காலை 7.10

எந்த சிமெண்ட் என்று கேட்காமலே விட்டாய். பச்சை மூடி போட்ட தாமியா எக்ஸ்ட்ரா தின், 40 மில்லி பாட்டில், மூடியிலேயே மெல்லிய தூரிகை. உள்ளே இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். தண்ணீர் மாதிரி ஓடும்.

இதை இட்லிக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி தடவி விட்டு ஒட்டக் கூடாது. இரண்டு பாதியையும் முதலில் காய்ந்தபடியே சேர்த்துப் பிடி. பிறகு தூரிகை நுனியை இணைப்புக் கோட்டில் ஓர் இடத்தில் தொடு. தொட்டால் போதும். கோடு முழுக்க ஈரம் தானாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும், துணியின் ஓரத்தில் மை ஊறுகிற மாதிரி. இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு தொடல். அவ்வளவுதான். லேசாக அமுக்கினால் உருகிய பிளாஸ்டிக் மயிரிழை மாதிரி வெளியே பிதுங்கும். துடைக்காதே. மறுநாள் கத்தியால் சீவிக்கொள்ளலாம்.

விரல் வைத்துப் பிடிக்கும் இடம் அந்தக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. விரலுக்கு அடியிலும் ஓடி, உன் ரேகையை இறக்கையில் அச்சடித்துவிடும். என்னுடைய முதல் ஆறு விமானங்களிலும் கையெழுத்தே வேண்டாம், ரேகை போதும்.

12 ஜூன் 2023, காலை 7.25

பெயிண்ட் அடித்த ஓரத்தில் சிமெண்ட் பிடிக்காது. பெயிண்டைத்தான் இளக்கும். ஒட்டும் இடத்தைச் சுரண்டிவிடு. குரோம் பூச்சு இருந்தாலும் அதே கதை.

18 ஜூன் 2023, மாலை 4.00

"ஊரில் எந்தக் கடையிலும் இல்லை, ஆன்லைனில் ஸ்டாக் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். தெரியும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. கிட் வந்துவிடும், பசை வராது. நான் ஒரு தடவை ஏழு வாரம் காத்திருந்தேன்.

காத்திருக்க முடியாமல் செய்து பார்த்தவை:

நெயில் பாலிஷ் ரிமூவர். அசிட்டோன்தானே என்று நினைத்தேன். அதில் எண்ணெய், வாசனை, தண்ணீர் எல்லாம் கலந்திருக்கிறது. பிளாஸ்டிக்கின் முகம் பிசுபிசுத்து வெளுத்தது, ஒட்டவில்லை. சுத்த அசிட்டோனும் தனியாகப் போட்டால் சீக்கிரம் பறந்துவிடும், கோடு முழுக்க ஓடும் முன்பே காய்ந்துவிடும். பியூட்டைல் அசிட்டேட் சேர்ப்பது அந்த அவசரத்தைக் குறைக்கத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

பெயிண்ட் கடை தின்னர். மரச்சாமானுக்கு லாக்கர் அடிப்பவர்கள் வாங்குவது. இது ஒட்டியது. நன்றாகவே ஒட்டியது. அடுத்த மாதம் வேறு கடையில் வாங்கிய தின்னர் இறக்கையின் பின்விளிம்பை அப்பளம் மாதிரி சுருட்டிவிட்டது. கடைக்குக் கடை கலவை வேறு. வேண்டாத ஸ்ப்ரூ (கிட் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் சோதிக்காமல் தொடாதே.

குளோரோஃபார்ம். அக்ரிலிக் போர்டு செய்கிற பட்டறைகளில் சின்ன ஊசியில் வைத்திருப்பார்கள். பாலிஸ்டைரீனையும் நொடியில் பிடிக்கிறது. ஓர் அவுன்ஸ் கேட்டால் தருவார்கள்.

19 ஜூன் 2023, அதிகாலை 5.50

நேற்றுக் கடைசியாக எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். தூக்கமே வரவில்லை. ஹாஸ்டல் அறையில், ஜன்னல் சாத்தி, ஒரு பையன் என் பேச்சைக் கேட்டு குளோரோஃபார்ம் பாட்டிலைத் திறப்பான் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஈரலைக் கெடுக்கிற சாமான் அது. ஒரு பொம்மை இறக்கைக்காக வேண்டாம். அவுன்ஸும் வேண்டாம், சொட்டும் வேண்டாம்.

தின்னர், சிமெண்ட் எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வை. ஃபேன் உன் பக்கமிருந்து வெளிப்பக்கம் வீசட்டும்.

2 ஜூலை 2023, மதியம் 2.30

திருத்தம். பெரிய திருத்தம்.

கேனபியைப் பசை தின்றுவிட்டது என்று எழுதினேன் இல்லையா? தப்பு. நேற்று என்னுடைய பழைய கேனபி ஒன்று கையில் கிடைத்தது, 2019-இல் வீணாக்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன், வெளுப்புக்கு நடுவே சுழி சுழியாகக் கோடுகள். என் கட்டைவிரல் ரேகை. முழு ரேகை, ஓரத்தில் இருக்கும் பழைய வெட்டுக்காயத் தழும்பு உட்பட. பிளாஸ்டிக் அரிக்கப்பட்டிருந்தால் இவ்வளவு நுணுக்கமாக ரேகை நிற்குமா?

ஒட்டிய பசை முழுதும் கெட்டியாகும் முன் கொஞ்சம் ஆவியாகக் கிளம்புகிறது. அந்த ஆவி போய் உட்காரும் இடத்தில் ஈரம் பட்டு வெள்ளைப் பொடியாகக் கெட்டிப்படுகிறது. கைப்பட்ட எண்ணெயும் வியர்வையும் இருக்கும் இடத்தில் ஆசையாக உட்காரும். குற்றம் நடந்த இடத்துப் பொருட்களைப் பெட்டிக்குள் வைத்து சூப்பர் குளூ ஆவி காட்டி ரேகை எடுப்பது தடயவியல்காரர்களின் வழக்கமான வேலை. அதையே நான் நான்கு வருஷம் முன்னால் தெரியாமல் செய்து, குற்றவாளியையும் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்.

ஆக அது மேலே படிந்த பொடிதான். பற்பசையை மெல்லிய துணியில் தொட்டு வட்டமாகத் தேய். பத்து நிமிஷத்தில் வெளிப்பக்கம் தெளிந்தது. உள்பக்கம் விரல் நுழையாமல் பல்குத்தியில் பஞ்சு சுற்றிப் பாதி எடுத்தேன். உன்னுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டாயா? போடாமல் இருந்தால் இன்று தேய்த்துப் பார்.

3 ஜூலை 2023, இரவு 9.15

இன்னொருவர் கேட்டது: சூப்பர் குளூவை யார் இதற்கென்று கண்டுபிடித்தார்கள்? யாரும் இதற்கென்று கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர் குழு துப்பாக்கி குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியது. கிடைத்த சாமான் தொட்டதையெல்லாம் ஒட்டியதால் எரிச்சலில் ஒதுக்கிவிட்டார்கள். 1951-இல் மறுபடி கையில் சிக்கியது, 1958-இல்தான் விற்பனைக்கு வந்தது. தெளிவான பிளாஸ்டிக்குக்கும் அதற்கும் ஆரம்பத்திலிருந்தே ராசியில்லை.

பருத்தி லுங்கியில் சொட்டினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சூடேறும். புகை வரும். தொடையில் எட்டணா அளவுக்குக் கொப்புளம். மனைவி கேட்டாள், "விமானம் விழுந்துடுச்சா?"

16 ஜூலை 2023, காலை 11.00

கண்ணாடிப் பாகங்களுக்கு என் பதில் ஃபெவிகால். பள்ளிப் பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் சின்ன பாட்டில். விலை கூடிய கேனபி குளூ வகைகளும் உண்டு, வாங்கிப் பார்த்திருக்கிறேன், மோசமில்லை. ஆனால் கேனபி எந்தச் சுமையையும் தாங்குவதில்லையே, சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எதற்கு வலு?

பல்குத்தி நுனியில் வெள்ளையாக எடுத்து ஓரம் முழுக்க ஒரு கோடு. கேனபியை வை, ஐந்து நிமிஷம் வரைக்கும் நகர்த்தி நேராக்கலாம். பிதுங்கியதை ஈரப் பஞ்சால் துடை. காலையில் பார்த்தால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி நிற்கும். ஆவி கிடையாது, வெளுப்பு கிடையாது. தப்பாகிவிட்டால் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றலாம். ஃபியூசலேஜ், அதாவது விமானத்தின் உடல், பக்கத்தில் இருக்கும் குட்டி வட்ட ஜன்னல்களுக்குத் தனிக் கண்ணாடியே தேவையில்லை. பல்குத்தியால் ஃபெவிகாலை ஓட்டையின் விளிம்பில் சுற்றி இழுத்தால் சோப்புக் குமிழி மாதிரி ஏடு கட்டி, அப்படியே காய்ந்துவிடும்.

ஒரு குறை. காய்ந்தால் சுருங்கும். இடைவெளி அடைக்க இதை நம்பாதே.

16 ஜூலை 2023, பிற்பகல் 3.40

இடைவெளி என்றதும் நினைவு வந்தது. மீந்த ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி, கால்வாசி சிமெண்ட் மிச்சமிருக்கும் பழைய பாட்டிலில் போட்டு மூடி வை. மறுநாள் தோசை மாவு பதத்துக்கு வரும். அதே கிட்டின் பிளாஸ்டிக்கே பூச்சாகிவிடுகிறது. காய மட்டும் அவசரப்படக் கூடாது. நான் அன்றைக்கே உப்புத்தாள் போட்டேன். வழவழவென்று வந்தது, பெயிண்ட் அடித்தேன். ஒரு வாரத்தில் கோடு உள்வாங்கிப் பள்ளமாகத் திரும்பி வந்தது. இரண்டு நாளாவது விடு.

20 ஆகஸ்ட் 2023, இரவு 11.30

இப்போது மேசையில் இருப்பது 1/72 மொஸ்கிட்டோ, இரண்டாம் உலகப் போர் விமானம். ஒட்டிக்கொண்டே யோசித்தேன், இதன் அசல் விமானமும் பசையால் ஒட்டியதுதான். இரண்டு பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம். முதலில் போட்ட பசை கேசீன், அதாவது பாலிலிருந்து எடுப்பது. பாலில் ஒட்டிய விமானத்தை ஏறிப் பறந்திருக்கிறார்கள். பிறகு ஏரோலைட் என்ற யூரியா ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். அதைச் செய்தது இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டில் இருந்த ஏரோ ரிசர்ச் நிறுவனம். நம் ஹார்ட்வேர் கடையில் தொங்கும் அரால்டைட்டின் பெயரும் அந்த நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.

1944 கடைசியில் இந்தியாவில் இருந்த மொஸ்கிட்டோக்களில் இறக்கை பிய்ந்து விபத்துகள் நடந்தன. பறப்பதையே நிறுத்திவைத்தார்கள். முதலில் பழி நம் மழைக்காலத்தின் மேல். பிறகு ஆராய்ந்தால் மழைக்காலத்தையே பார்க்காத விமானங்களிலும் அதே கோளாறு. விமானத்தைக் கட்டிய ஹாட்ஃபீல்ட், லீவ்ஸ்டன் ஆலைகளில் ஒட்டிய வேலையே சரியில்லை என்று முடிவானது.

நானும் நான்கு வருஷமாகக் கேனபிக்குச் சென்னைப் புழுக்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மூன்று மடங்கு பசை போட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

10 செப்டம்பர் 2023, காலை 8.20

மதுரையிலிருந்து ஒரு சார் எழுதுகிறார்: "சிமெண்ட், ஃபெவிகால் என்று இரண்டோடு நிறுத்திவிட்டீர்கள். என் கிட்டில் ரெசின் சக்கரமும் போட்டோ எட்ச் என்கிற மெல்லிய பித்தளைத் தகட்டுப் பாகமும் இருக்கிறது. இரண்டும் அதில் ஒட்டாது."

உண்மை சார். கரைப்பான் கரைத்தால்தானே ஒட்டும். பித்தளை கரையாது, வார்ப்பு ரெசினும் கரையாது. அங்கே எபாக்ஸி, அதாவது பசையும் ஹார்டனரும் என்று இரண்டு டியூபைக் கலந்து போடுவது. சுமை தாங்கும் இடம், அதாவது உலோக லேண்டிங் கியர், கனமான ரெசின் என்ஜின் இதற்கெல்லாம் அரால்டைட் மாதிரி மெதுவாக இறுகுவது. ஐந்து நிமிஷ எபாக்ஸியும் உண்டு. மே மாத மாடி அறையில் அது மூன்று நிமிஷம்தான். நான் கலந்துவிட்டு சாமணத்தைத் தேடினேன், கிடைப்பதற்குள் பல்குத்தி அட்டையோடு நட்டுக்கொண்டு நின்றது.

கலப்பதில் கை தாராளம் வேண்டாம். "கொஞ்சம் ஹார்டனர் கூடப் போட்டால் நல்லா இறுகும்" என்பது நம் ஊர் நம்பிக்கை. இறுகாது. சரிசமம் என்று டியூபில் போட்டிருந்தால் சரிசமம். கூடினால் ரப்பர் மாதிரி என்றைக்கும் நொசநொசவென்றே கிடக்கும். என் டேங்க் ஒன்றின் பீரங்கிக் குழாய் வெயில் காலத்தில் இன்னும் தலைகுனிகிறது.

10 செப்டம்பர் 2023, காலை 8.50

அரிசி மணியில் பாதி இருக்கும் பித்தளை நெம்புகோலுக்கெல்லாம் எபாக்ஸி கலப்பது ஈயை அடிக்க உலக்கை. அதற்கு என்ன செய்கிறேன் என்று கேட்டால்... சூப்பர் குளூதான். சரி, சிரித்துக்கொள்ளுங்கள். டியூபிலிருந்து நேராக வைப்பதில்லை. ஒரு சொட்டைப் பழைய சிடி மேல் விட்டு, ஊசி முனையில் தொட்டு வைக்கிறேன்.

8 அக்டோபர் 2023, மாலை 5.30

கொலுவுக்கு இன்னும் ஒரு வாரம். மகளுக்கு இந்த வருஷம் பார்க்கில் மலை வேண்டுமாம். தெர்மோகோலில் செதுக்கிக் கொடுத்தேன், அழகாகத்தான் வந்தது. கோயில் கோபுரத்தை உச்சியில் நிறுத்த அவளே என் மேசையிலிருந்து சூப்பர் குளூ எடுத்து வைத்திருக்கிறாள். ஐந்தே நிமிஷத்தில் மலைக்குள் எரிமலைக் குழி, கோபுரம் கழுத்தளவுக்கு உள்ளே.

தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான், காற்றை ஊதிய பாலிஸ்டைரீன். கிட் தாங்குவதைத் தெர்மோகோலின் மெல்லிய சுவர் தாங்காது. சிமெண்ட் பட்டால் இன்னும் மோசம். தெர்மோகோலுக்கு ஃபெவிகால், குண்டூசி குத்தி ஓர் இரவு. குழியை அப்படியே விட்டு நீலப் பெயிண்ட் அடித்துக் குளமாக்கிவிட்டோம். வருபவர்கள் குளத்தைத்தான் பாராட்டப் போகிறார்கள்.

9 டிசம்பர் 2023, இரவு 8.00

மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்த சூப்பர் குளூ டியூப்கள் என்னவாயின என்று பார்த்தேன். நான்கில் மூன்று நன்றாகவே இருந்தன, ஏற்கெனவே திறந்த ஒன்று கல். ஃபிரிட்ஜில் வைப்பவர்களுக்கு ஒன்று: எடுத்தவுடனே திறக்காதீர்கள். குளிர்ந்த டியூபின் வாயில் காற்றின் ஈரம் வியர்த்து உள்ளே போகும். ஈரம்தான் அதைக் கெட்டியாக்குவது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியோடு வெளியே வைத்துவிட்டு அப்புறம் திற.

14 ஜனவரி 2024, காலை 10.15

மொஸ்கிட்டோ முடிந்தது. பொங்கலுக்கு வந்த மச்சான், "எத்தனை டியூப் ஆச்சு மாமா?" என்றார். எண்ணிப் பார்த்தேன். சூப்பர் குளூ பட்டது நான்கு இடம்: இரண்டு ரெசின் சக்கரம், பித்தளை சீட் பெல்ட், அப்புறம் இறக்கை அடியில் ஒரு பள்ளம். பள்ளத்தில் சூப்பர் குளூ விட்டு, மேலே ஆப்ப சோடா தூவினால் கண் முன்னாலேயே கல்லாகும். உடனே தேய்த்துவிட வேண்டும். மறுநாள் என்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேயும், அது தேயாது. மீதி எல்லாம் சிமெண்ட். கேனபி ஃபெவிகால்.

ஜூன் மாதம் நான் எழுதியதைப் படித்தால் சூப்பர் குளூவை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்ற மாதிரி இருக்கிறது. அவ்வளவு கடுமை வேண்டாம். அது ஒட்ட வேண்டிய இடம் வேறு, அவ்வளவே.

14 ஜனவரி 2024, மதியம் 1.00

தம்பி, உன் ஸ்பிட்ஃபயரில் பழைய சூப்பர் குளூ ஒட்டிய வால் கோணலாக நிற்கிறது, கழற்ற வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். அசிட்டோன் சூப்பர் குளூவைக் கரைக்கும், கூடவே விமானத்தையும் கரைக்கும். அதனால் ஃபிரீசர். நான்கைந்து மணி நேரம் வை. குளிரில் பசை இன்னும் நொறுங்கலாகும். எடுத்தவுடன் கத்தி முனையால் ஓரத்தில் மெல்ல நெம்பினால் டக்கென்று விடும். பிறகு படலத்தைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் போடு.

15 ஜனவரி 2024, இரவு 9.40

வால் வந்துவிட்டதாம், சந்தோஷம். அம்மா திட்டியதற்கு நான் பொறுப்பில்லை. டப்பாவில் போட்டு வைத்திருக்க வேண்டும், வஞ்சிர மீன் பையின் மேல் யார் வைக்கச் சொன்னது? ஒட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவு. மீன் எண்ணெய் மேல் எந்தப் பசையும் பிடிக்காது.